ஒரே ரூம், மூன்று சம்பளம்

பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று ரூமில் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குக் காலையில் ருவைஸிலிருந்து அபுதாபிக்குப் பஸ் ஏறினேன். என் பல்லில் ஒரு குறையும் இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வளைகுடாவில் பிழைக்கிற எங்கள் ஆட்களுக்கு இது எழுதாத சட்டம். விசா அடிக்கிற வரைக்கும் புது வேலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண் பட்டுவிடும், இல்லையென்றால் எவனாவது குறுக்கே புகுந்துவிடுவான். சம்பளத்தை விசா அடித்த பிறகும் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஏற்றபடி அது கூடும், குறையும். கடன் கேட்கக்கூடிய சொந்தக்காரர்களுக்குக் குறைத்துச் சொல்ல வேண்டும், கல்யாணத் தரகருக்கு ஏற்றிச் சொல்ல வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் 'ஏதோ கெடைக்குது' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மீன் குழம்புக்கு மாற்ற வேண்டும். நானும் இந்தக் கலையில் சாமர்த்தியசாலிதான்.

எனக்குக் கன்னியாகுமரிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். ருவைஸில், ஆலைத் தொழிலாளர்களுக்கான ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், கையைச் சுட்டுக்கொண்டவர்கள், சர்க்கரை வியாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இவர்கள்தான் எங்கள் நோயாளிகள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் மூன்று நர்ஸுகளுக்கு ஒரு ரூம். மற்ற இரண்டு பேரில் ஒருத்தி தூத்துக்குடிக்காரி, என்னைவிட இளையவள், கல்யாணம் ஆகாதவள், வாய்த் துடுக்கு அதிகம். இன்னொருவர் யாழ்ப்பாணத்து அக்கா. எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், அளந்து பேசுவார், ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது.

மூன்று பேரும் சேர்ந்துதான் டியூட்டிக்கு நடுவே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் படித்து முடித்தோம். அதாவது, டாக்டர் சொல்வதைச் செய்கிற நர்ஸாக மட்டும் இல்லாமல், நோயாளியை நாங்களே பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவெடுத்து, வரம்புக்கு உட்பட்டு மருந்தும் எழுதலாம். வார விடுமுறையெல்லாம் வகுப்பில் போயிற்று. லைசென்ஸ் பரீட்சையில் மூன்று பேரும் தேறிய அன்று கேக் வெட்டி, ரூம் முழுக்கக் கிரீம் ஆக்கினோம். அதற்கு அடுத்த நாளிலிருந்து மூன்று பேரும் அமைதியாகிவிட்டோம். அந்த அமைதியின் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது என்றால், என் மகளுக்காக. அவளுக்கு நடக்கத் தெரிந்த கொஞ்ச நாளில் நான் விமானம் ஏறினேன். இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ருவைஸ் ஒப்பந்தம் சிங்கிள் ஸ்டேட்டஸ், அதாவது தனி ஆளுக்கான ஒப்பந்தம். கட்டில் உண்டு, குடும்பத்துக்கு வீடு கிடையாது. தனியாக வீடு எடுக்க என் சம்பளம் காணாது. என் கணவர் ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், பொறுமைசாலி. அவரே ஒரு நாள் போனில் சொல்லிவிட்டார்.

"கூடச் சம்பளத்துல வேற வேலை அமஞ்சா நாங்க அங்க வாறோம். அமையல்லன்னா நீ வந்திரு. பிள்ள என்ன போட்டோவப் பாத்தா வளரும்?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. அபுதாபியில் ஒரு மருத்துவக் குழுமம் புதிதாகச் சில கிளினிக்குகள் திறக்கிறது, நர்ஸ் பிராக்டிஷனர்கள் தேவை என்று விளம்பரம் பார்த்ததும் அன்றைக்கே விண்ணப்பித்தேன்.

பஸ்ஸில் வழி நெடுக ஒரே யோசனை, எவ்வளவு கேட்பது? நிச்சயம் கேட்பார்கள், 'எதிர்பார்க்கும் சம்பளம் என்ன' என்று. இந்தப் பதவியே புதிது. எங்களுக்கு முன்னால் யாரும் அதில் இருந்து சம்பளம் வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. இப்போது வாங்குவது ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹாம். எட்டாயிரம் என்று சொல்லலாமா? பேராசை என்று நினைத்துவிட்டால்? கண்ணாடிக்கு வெளியே மணலும் ஒட்டகங்களுக்காகப் போட்ட வேலியும் ஓடிக்கொண்டிருந்தன, நான் எட்டாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம் என்று மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த அலுவலகத்தின் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ வந்து நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஷூ. ஏனென்றால் அது என்னுடையது. நிமிர்ந்தால் தூத்துக்குடிக்காரி. நைட் டியூட்டி முடிந்து, பகல் முழுக்கத் தூங்கப்போகிறேன், யாரும் எழுப்பாதீர்கள் என்று சொன்னவள்.

"என்னக்கா, பல்லு டாக்டரு இங்கனதான் இருக்காரா?"

"நீ தூங்கப் போறேன்னுல்லா சொன்ன?"

"தூக்கத்துலயே நடந்து வந்துட்டேன்."

"என் ஷூவையும் போட்டுகிட்டா?"

அவள் பதில் சொல்வதற்குள் தேர்வு அறையின் கதவு திறந்தது. பட்டுப்போன்ற நீலச் சேலையில், கையில் ஃபைலோடு, வெளியே வந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலை இருக்கிறது என்று முதல் நாளே அபுதாபிக்கு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியவர். எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ கடவுளே! நீங்கள் ரெண்டு பேருமோ?"

"பாஸ்போர்ட்டு கெடச்சிட்டாக்கா?" என்றாள் தூத்துக்குடிக்காரி, முகத்தைத் துளியும் மாற்றாமல்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க அடக்க அதிகமாயிற்று. வரவேற்பில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முறை வர இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேரும் கீழே கேன்டீனுக்குப் போய் ஆளுக்கொரு ஏலக்காய் மணக்கும் கரக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயம் உறைத்தது. ஒரே வேலைக்கு மூன்று பேர். எத்தனை இடம் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்திக்குக் கிடைத்தால் இன்னொருத்திக்கு இல்லாமல் போகலாம். அதே சமயம், ஒரே அடுப்பில் சோறு வடிப்பவர்கள் நாங்கள். எனக்குள் எரிச்சல் கிளம்பியது. யார்மீது என்று தெரியாத எரிச்சல்.

"அக்கா, உள்ள எவ்வளவு கேட்டிய?" என்றேன்.

"அதெல்லாம் கதைக்கக் கூடாது பிள்ளை."

"ஏன் கதைக்கக் கூடாது? நாம ஒருத்திக்கொருத்தி மறைச்சு வச்சா லாபம் யாருக்கு? நமக்கா, சம்பளம் குடுக்கவனுக்கா?"

அக்கா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நானே ஆரம்பித்துவிடுவோம் என்று, "என் சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சேலை அவிழ்ந்த மாதிரி உடம்பு கூசியது. பக்கத்து மேஜையில் இருந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

தூத்துக்குடிக்காரி விழித்தாள். "எனக்கு ஏழாயிரம்க்கா. துபாய்ல விசிட் விசால வந்து நின்னு, நேர்ல பேசி வாங்குனது. நீங்க என்னயவிடக் கூட வாங்குவிங்கன்னுல்லா நெனச்சேன்."

என்னைவிடப் பின்னால் வந்தவள். சுருக்கென்று இருந்தது, மறைக்க மாட்டேன். நான் சென்னை ஏஜெண்ட் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஐயாயிரத்து எண்ணூறு."

அந்தக் கிளினிக்கில் எங்களுக்கு முந்தியே சேர்ந்தவர். சிக்கலான கேஸ் வந்தால் டாக்டரே முதலில் தேடுவது அவரைத்தான். கொழும்பு ஏஜென்சி வழியாக என்றைக்கோ குறைந்த சம்பளத்துக்கு வந்தவர், அதன்மேல் வருஷா வருஷம் கிள்ளிக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

"நான்தான் கூட எடுக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார். கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு மனம் நோகும் எண்டுதான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை."

எனக்கு மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. தூத்துக்குடிக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது உள்ளே எவ்வளவு கேட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏழாயிரம். கூடக் கேட்டால் வேண்டாம் எண்டிடுவினம் எண்டு பயமாக் கிடந்தது."

அங்கேதான் எங்கள் மூன்று பேரின் முட்டாள்தனமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. புது வேலைக்கு என்ன மதிப்பு என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. பழைய சம்பளத்தை எடுத்து, அதன் தலையில் கொஞ்சம் வைத்து, அதையும் பயந்து பயந்து கேட்க வந்திருக்கிறோம். பழைய சம்பளம் குறைந்தவளுக்குப் புதுச் சம்பளமும் குறையும். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிற வேலைக்கு, ஊசி போடுகிற வேலையின் கணக்கு.

"சவூதில, ஜித்தால எங்க ஊரு அண்ணன் ஒருத்தன் இதே வேலைல இருக்கான். என்கூடப் படிச்சவ அண்ணன்தான்," என்றாள் தூத்துக்குடிக்காரி திடீரென்று. "கேட்டுப் பாப்பமா?"

ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று தலைகளும் போன்மேல் கவிழ்ந்தன. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"அண்ணே, எங்க நிக்கிய?"

"ஷரஃபியா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு நிக்கேன். சொல்லு தங்கச்சி."

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் குரல் சட்டென்று தணிந்தது. "ஏ, இங்க கடைக்காரன் தமிழ் ஆளு. சம்பளத்தயெல்லாம் வாயால சொல்ல முடியாது. மெசேஜ் போடுதேன், பாத்துட்டு விட்டுரணும். அது கெடக்கட்டும், ஸ்டேட்டஸ் என்னன்னு கேட்டியளா?"

"என்ன ஸ்டேட்டஸ்?"

"ஃபேமிலி ஸ்டேட்டஸா, சிங்கிளான்னு கேளுங்க. டாக்டருக்கு உள்ள கிரேடுல போட்டா வீடு, டிக்கெட்டு, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸு எல்லாம் அவுங்க தருவாக. எனக்கு அப்படித்தான். மாசச் சம்பளத்த மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துராதிங்க."

மெசேஜ் வந்தது. பதினாலாயிரம் ரியால். ரியாலும் திர்ஹாமும் கிட்டத்தட்ட ஒரே மதிப்புதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தும் விட்டான். ஆனால் ஆறு கண்களும் பார்த்தாயிற்று. நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தார், தூத்துக்குடிக்காரி "அம்மாடியோ" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

எனக்கு அந்தத் தொகையைவிட 'வீடு, டிக்கெட்டு, ஸ்கூல் பீஸு' என்ற மூன்று வார்த்தைகள்தான் காதில் நின்றன. இத்தனை வருஷமாக நான் சம்பளத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு வீட்டு வாடகையை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டையே கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"மூணு பேரும் ஒரே தொகை கேக்கோம்," என்றேன். "பதிமூணாயிரம். எல்லாரும் ஃபேமிலி ஸ்டேட்டஸ். ஒரு ரூபாய் கொறைக்கக் கூடாது."

"எனக்குக் கல்யாணமே ஆவலியே?"

"அதுக்கென்ன, ஆவாமயா போவ? கேளு."

"நான் ஏற்கெனவே ஏழாயிரம் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார் அக்கா. அதற்குள் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று மேலேயிருந்து ஆள் வந்துவிட்டது.

அறைக்குள் இரண்டு பேர். ஓர் அரபுப் பெண் டாக்டர், பக்கத்தில் ஹைதராபாத்காரர் மாதிரி இருந்த எச்.ஆர். அதிகாரி. டாக்டரம்மா நோயாளிகளைப் பற்றிக் கேட்டார். கால் மரத்துப்போய் வருகிற சர்க்கரை நோயாளியை எப்படிப் பார்ப்பாய், நெஞ்சு எரிகிறது என்று வருகிறவர்களில் யாரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுவாய். இதெல்லாம் எனக்குத் தினசரி வேலை. பாதுகாப்பு ஷூவைக் கழற்றச் சொல்லி நான் பார்த்த கால்கள் கொஞ்சநஞ்சமா? பேசப் பேச எனக்கே உற்சாகம் ஏறியது. ஒரு கட்டத்தில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எச்.ஆர். அதிகாரி அந்தக் கேள்விக்கு வந்தார். அங்கே நர்ஸ் என்றால் எல்லாருக்கும் சிஸ்டர்தான். "சிஸ்டர், எதிர்பார்க்கும் சம்பளம்?"

"பதிமூணாயிரம். ஃபேமிலி ஸ்டேட்டஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அச்சா. சிஸ்டர், சற்று முன்னால் வந்தவர், உங்களைவிட அனுபவம் உள்ளவர், இதில் பாதிதான் கேட்டார்."

"தெரியும் சார். அவர் என் ரூம்மேட். தெரியாமல் சொல்லிவிட்டார். திருத்திச் சொல்வதற்காகக் கீழே காத்துக்கொண்டிருக்கிறார்."

இதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சம்பள விவரம் ரகசியம் சிஸ்டர். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது."

"உங்களுக்கு ரகசியம் சார். எங்களுக்கு ஒரே ரூம், ஒரே கிச்சன்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் போன தூத்துக்குடிக்காரியும் அதே தொகை, அதே ஸ்டேட்டஸ். அவள் வெளியே வந்த பிறகு நான் அக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக அந்த அறைக்குள் திரும்ப அனுப்பினேன். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னிய?"

"முதல் சொன்னது பிழை, மற்றப் பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறியளோ அதை எனக்கும் தாங்கோ எண்டு சொன்னனான்," என்றவர், உடனே, "எனக்குக் கால் நடுங்குது, ஆராவது பிடியுங்கோ," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சமோசாவைத் தின்றுகொண்டு, இத்தனை வருஷம் யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் சொல்லி ஏமாற்றினோம் என்று கதை கதையாய்ச் சொல்லிக்கொண்டு வந்தோம். தூத்துக்குடிக்காரியின் அம்மா தரகரிடம் சொல்லி வைத்திருக்கும் தொகையைக் கேட்டு அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சாலையில் நான் அதற்கு முன் போனதில்லை. எனக்கு வேலை கிடைக்காமல் போகலாம் என்ற பயம் கூடவே இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

பிறகு காத்திருப்பு. ஏப்ரலில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அபுதாபி இந்தியப் பள்ளிகளில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஊரில் மகளுக்கு அடுத்த வருஷக் கட்டணம் கட்டச் சொல்லிவிட்டார்கள். கட்டவா வேண்டாமா என்று கணவர் தினமும் கேட்பார், நான் தினமும் பொறுங்க என்பேன்.

முதல் மெயில் அக்காவுக்கு வந்தது. சமையலறையில் கரண்டியோடு நின்று சத்தமாக வாசித்தார். பதின்மூன்றாயிரம் இல்லை, பன்னிரண்டாயிரம். சிங்கிள் ஸ்டேட்டஸ். அவருடைய பிள்ளைகள் வளர்ந்து கனடாவில் இருக்கிறார்கள், அவருக்கு அது போதும். வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அடுத்து தூத்துக்குடிக்காரிக்கு வந்தது. பன்னிரண்டாயிரம், ஃபேமிலி ஸ்டேட்டஸ். இல்லாத புருஷனுக்கு வீடு கிடைத்துவிட்டது என்று கட்டிலில் ஏறிக் குதித்தாள். நானும் குதித்தேன். குதித்துவிட்டு என் மெயிலைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

எனக்கு வந்தது கிளினிக்கில், ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பன்னிரண்டாயிரம் என்ற வரியைப் பார்த்தேன். அதற்குக் கீழே சிங்கிள் ஸ்டேட்டஸ். திரும்பவும் வாசித்தேன். சிங்கிள்தான். புருஷனும் பிள்ளையும் உள்ள எனக்குக் கட்டில், கல்யாணம் ஆகாதவளுக்கு வீடு.

முன்பு மாதிரி இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நர்ஸுகளுக்கு இவ்வளவுதான் போல என்று கையெழுத்துப் போட்டிருப்பேன், அல்லது அழுதுகொண்டே ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் தூத்துக்குடிக்காரியின் மெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரிந்துபோய் அவளுடையதைப் பறித்துவிட்டால்? ரூமுக்குப் போய் அவளிடமே சொன்னேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லுங்கக்கா. என் பேரச் சொல்லியே கேளுங்க. புடுங்குனா புடுங்கட்டும், வீட்டுக்குள்ள ஒத்தயில நான் என்ன செய்யப் போறேன்? ஆனா உங்களுக்குத் தரலன்னா நானும் சேரமாட்டேன்னு சொல்லிருங்க."

"நானும்தான்," என்றார் அக்கா, அரிசி களைந்துகொண்டே. "மூண்டு பேரும் ஒண்டாப் போறது, இல்லாட்டி ஒருத்தரும் போறேல்லை."

அவர்கள் முன்னாலேயே போன் போட்டேன். எச்.ஆர். அதிகாரி எடுத்தார். சொன்னேன். நிற்காமல் சொன்னேன். என்னோடு இருக்கும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் தந்திருக்கிறீர்கள், கணவனும் மகளும் உள்ள எனக்குத் தரவில்லை, அதே பதவி, அதே படிப்பு, நாங்கள் மூன்று பேரும் இதைப் பார்த்துவிட்டோம், எனக்கும் அதுதான் வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேருமே வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"சிஸ்டர், நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவீர்கள்," என்றார். "நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் மதியம் திருத்திய மெயில் வந்தது. ஃபேமிலி ஸ்டேட்டஸ். தூத்துக்குடிக்காரியுடையதிலும் யாரும் கை வைக்கவில்லை. கிளினிக் வராந்தாவில் நின்று ஊருக்குப் போன் போட்டேன். கணவர் எஞ்சின் சத்தத்தில் நின்றிருப்பார் போலும், மகள்தான் எடுத்தாள்.

"மக்ளே, அம்மாக்குப் புது வேலை கெடச்சிட்டு. நீயும் அப்பாவும் இங்க வரப்போறிய."

அவள் கத்துவாள், குதிப்பாள் என்று நினைத்தேன். குரல் ரொம்ப நிதானமாக வந்தது.

"எத்தன நாளைக்கும்மா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன மக்ளே?"

"லீவு எத்தன நாளு? நீ வந்தா ஒரு மாசம்தான நிப்ப. நாங்க எத்தன நாளு நிக்கணும்?"

வராந்தாவில் மருந்துக்காக நின்றிருந்த ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா என்றால் அவளுக்கு நாள் கணக்குதான். வந்த அன்றே, திரும்பிப் போகிற தேதியும் கூடவே வந்துவிடுகிற ஆள்.

"லீவு இல்ல மக்ளே. இங்கதான் வீடு. நீ இங்க உள்ள ஸ்கூல்லதான் படிப்ப."

"அப்பம் திரும்பிப் போற டிக்கெட்டு?"

"எடுக்கல்ல."

அவள் போட்ட கூச்சலில் நான் போனைக் காதிலிருந்து விலக்கினேன். எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு என் கணவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. "என்ன ஆச்சு? பிள்ளைக்கு என்ன?" என்று அவர் பதறிக் கேட்பதும், பதில் சொல்ல முடியாமல் அவள் கத்திக்கொண்டே இருப்பதும் கேட்டன. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.